அடி எடுத்துக் கொடுத்தவன்

1

நான் ராயபுரத்தை விட்டுக் கப்பலேறிப் பத்து வருஷம் முடிந்த அதே வாரத்தில், ஐஸ் கிடங்கு மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்றொரு துறைமுக ஊர். இங்கிருந்து மீன்பிடிக் கப்பல்கள் வடக்கே குளிர்க்கடலுக்குப் போகும். அவற்றுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுவது எங்கள் கூட்டத்தின் வேலை. மேஸ்திரி கேட்டது இதுதான்: இனிமேல் இந்தக் கூட்டத்துக்கு நீ தலைவனாக இருக்கிறாயா? காலையில் ஆட்களைக் கூப்பிட்டு இன்னார் இன்ன இடம் என்று சொல்ல வேண்டும், வேறொன்றும் பெரிதாக இல்லை, கூலியும் கூடும்.

"நோ, தாங்க் யூ" என்றேன்.

பதில் அத்தனை வேகமாக வந்ததில், நான் புரிந்துகொள்ளவில்லை என்று அவர் நினைத்துவிட்டார். அதே கேள்வியை இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகக் கேட்டார். வெளியூர்க்காரர்களிடம் இங்கே அப்படித்தான் பேசுவார்கள், நமக்குக் காது கேட்காது என்பதுபோல. நானும் அதே பதிலை மெதுவாகச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கன்னியம்மா பிடித்துக்கொண்டாள். கன்னியம்மா என் மனைவி.

"கூலி ஜாஸ்தி தரேன்னு அவனே வந்து கேக்குறான், வாணான்னுட்டு வந்து நிக்கிறியே! உனுக்கு இன்னா ஆச்சு?"

பையன் சேகர், பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தி, அம்மா எதற்குக் கத்துகிறாள் என்றான்; விஷயத்தைச் சொன்னேன். மற்றவர்களைக் கூப்பிட்டு வேலை சொல்ல உங்களுக்குத் தெரியாதா அப்பா என்று இங்கிலீஷில் கேட்டான். தெரியாது என்றேன். அப்படியானால் இங்கிலீஷ் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்றான். அது அவனுக்கு நியாயமான கேள்வி. அவன் பள்ளியில் ஒவ்வொருவனும் தனியாக எழுந்து நின்று பேசித்தான் கற்கிறான்.

அன்று அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2

வெள்ளைக்காரன் ஆட்சி போன மறுவருஷம். ஹார்பருக்குச் சுவர் கட்டின காலத்திலிருந்தே எங்கள் பக்கத்து மணலைக் கடல் தின்றுகொண்டு வந்தது. ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டில் எங்கள் குப்பம் வருஷத்துக்கு ஒரு வரிசை குடிசையாகச் சுருங்கியது. கன்னியம்மாவின் அண்ணன் ஏகாம்பரத்தின் வீட்டைக் கடல் இரண்டு முறை கொண்டுபோய்விட்டது. இரண்டாம் முறை அவன் மிச்சமிருந்த கீற்றை இழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றான்.

"மாமே, தண்ணிகிட்ட இருந்து தப்பிக்கணும்னா தண்ணிக்கு நடுவுலதான் போவணும் போலக்கீது. கப்பலுக்கு ஆள் எடுக்குறானாம். வர்றியா?"

கப்பலில் கலாசி வேலை, மேல்தட்டில் கயிறு இழுப்பது, சுமை தூக்குவது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. இடும் உத்தரவு புரியாதவனால் ஆபத்து என்று, கொஞ்சமாவது இங்கிலீஷ் தெரிந்தவனைத்தான் எடுப்பார்களாம். ஏஜெண்டு ஆபீஸில் ஒரு துரை நேரில் உட்கார்ந்து கேள்வி கேட்பாராம். நான் கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ் நன்றாகப் படித்தவன். இங்கிலீஷுக்கு வாத்தியார் வருவதற்குள் வலைக்குப் போய்விட்டேன். ஏகாம்பரம் அதற்கும் முன்னாலேயே போனவன்.

ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வே கார்டு ஒருவரின் மனைவி இருந்தாள். சட்டைக்காரப் பெண், அதாவது ஆங்கிலோ இந்தியர், எங்கள் வயதுதான் இருக்கும். எல்லோரும் மிஸ்ஸியம்மா என்போம். கன்னியம்மா அந்த வீட்டுக்கு வாடிக்கையாக மீன் போட்டுவந்தாள். பேரம் பேசி முடித்தவளும் அவள்தான்: காசு இல்லை, மீன் உண்டு, ஆளுக்கு இங்கிலீஷ் வர வேண்டும். குப்பத்திலிருந்து எட்டுப் பத்துப் பேர் அந்த வீட்டு வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம்.

மிஸ்ஸியம்மா பலகையில் எழுதினாள். 'ஐ ஏம், யூ ஆர், ஹீ ஈஸ்.' நாங்கள் சொன்னோம். அழித்துவிட்டுக் கேட்டாள். ஒருவனுக்கும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வலை இழுத்துவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்தால் எங்களுக்குத் தூக்கம்தான் வரும். 'ஹீ ஆர்' என்பான் ஒருவன். 'ஐ ஈஸ்' என்பான் இன்னொருவன். மிஸ்ஸியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா மேன் நீங்கோ! மீன் மட்டும் நல்லா கீது. இங்கிலீஷ் ஒரே கலீஜ்!"

3

வழி கண்டுபிடித்தவன் ஏகாம்பரம்.

கரைவலை இழுப்பதைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. படகில் போய்க் கடலில் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு வருவார்கள். அதன் இரண்டு நுனிக் கயிறும் கரையில் இருக்கும். கயிற்றுக்கு ஒரு கூட்டம் நின்று இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிக்கொண்டு மீன் வெளியே போய்விடும். அதற்காகத்தான் அம்பாப் பாட்டு. நடுவில் ஒருவன் நின்று அடி எடுத்துக் கொடுப்பான். கயிற்றில் இருப்பவர்கள் பின்பாட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு இழுப்பு இழுப்பார்கள். எடுத்துக் கொடுப்பவன் பின்பாட்டைச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த அடிக்கு அவனுக்கு மூச்சு இருக்காது, இழுப்பும் தடுமாறும். இது குழந்தைக்குக்கூடத் தெரிந்த முறை.

எங்கள் வலைக்கு அடி எடுப்பவன் ஏகாம்பரம். குரல் என்றால் குரல், அலைக்கு மேலே கேட்கும். ஒருநாள் வலை பாதி வந்துகொண்டிருக்கும்போது வழக்கமான அடியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கி, "ஐ…" என்று இழுத்தான்.

நாங்கள் ஒரு கணம் திகைத்தோம். பிறகு கயிற்றைப் பிடித்த கை தானாகப் பின்னால் போக, வாயும் தானாகத் திறந்தது.

"ஏம்!"

"ஹீ…"

"ஈஸ்!"

"தே…"

"ஆர்!"

வராந்தாவில் ஒரு வாரம் வராத இலக்கணம் வலை கரைக்கு வருவதற்குள் வந்துவிட்டது. மறுநாள் 'வாஸ்', 'வேர்' போட்டான். அதற்கடுத்து 'ஆர் யூ எ டாக்டர்?' என்று முழுக் கேள்வியாக எடுத்தான். 'நோ, ஐ ஏம் நாட்' என்று நாங்கள் இழுத்தோம். அந்த அடி நீளம், பெரிய இழுப்புக்குத் தோதாக இருந்தது. கூடையோடு காத்திருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கேள்விப்பட்டு மிஸ்ஸியம்மாவே குடை பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தாள். முதலில் காதைப் பொத்தினாள். கொஞ்ச நேரத்தில் குடையை மணலில் போட்டுவிட்டு, பின்பாட்டில் தப்பு விட்டவர்களை நடந்து நடந்து திருத்தினாள். அந்த நாட்களில் நாங்கள் ரொம்ப சந்தோஷமாக இருந்தோம். இதை எழுதும்போதும் அது தெரிகிறது.

4

ஏஜெண்டு ஆபீஸ் கடற்கரைச் சாலையில் இருந்தது. எங்களை வராந்தாவில் வரிசையாக நிறுத்திவிட்டு, பியூன் ஒவ்வொருவராக உள்ளே விட்டான். நான் முன்னதாகவே போனேன். உள்ளே மேஜைக்குப் பின்னால் கப்பல் துரை.

"ஆர் யூ ஃப்ரம் மெட்ராஸ்?"

"யெஸ், ஐ ஏம்."

"ஈஸ் யுவர் ஃபாதர் எ ஃபிஷர்மேன்?"

"யெஸ், ஹீ ஈஸ்."

துரை எடுத்துக் கொடுத்தார், நான் சொன்னேன். எனக்கு அது வலை இழுப்பதைவிடச் சுலபமாக இருந்தது. கையில் கயிறுகூட இல்லை. அவர் தலையாட்டி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். என்னைப்போலக் கயிற்றில் நின்றவர்கள் நாலைந்து பேர் அப்படியே தேறினார்கள்.

ஏகாம்பரம் போனான். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"ஹூ ஆர் யூ?" என்று துரை கேட்பது எங்களுக்குக் கேட்டது.

"ஐ…" என்றான் ஏகாம்பரம், அவனுடைய அந்தப் பெரிய குரலில். அதோடு நிறுத்திக்கொண்டான்.

"ஏம்!" என்று வராந்தாவில் நின்ற அத்தனை பேரும் கத்தினோம். யாரும் யோசித்துச் செய்யவில்லை. பியூன் அடிக்க வருவதுபோல ஓடிவந்தான்.

"இன்னாங்கடா, ஆபீஸா இல்ல மீன் மார்க்கெட்டா இது? பேஜாரு பண்ணாதீங்கடா!"

துரை அடுத்த கேள்வி கேட்டார், அண்ணன் தம்பி யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று. "ஹீ…" என்று என்னைக் காட்டி எடுத்தான் ஏகாம்பரம். நாங்கள் "ஈஸ்!" என்றோம். ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் அவன் அடி எடுப்பது லேசாகக் கேட்டது. "ஐ…" பிறகு ஒன்றுமில்லை. மறுபடி "ஐ…" பிறகும் ஒன்றுமில்லை. பதில் அவனுக்குத் தெரியாமல் இல்லை. எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவனே அவன். எடுத்துவிட்டுக் காத்திருந்துதான் அவனுக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது முகம் வியர்த்திருந்தது. துரை நல்லவர். கப்பல் கிளம்புவதற்குள் இன்னொரு தடவை வா, இந்தக் கூட்டத்தை அழைத்து வராதே என்று சொல்லியிருந்தார். ஒரு இடத்தை அவனுக்காக வைத்திருப்பதாகவும் சொன்னாராம்.

5

கதையை இங்கே நிறுத்திவிட்டு, என் இங்கிலீஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இங்கே ஹல்லில், காலையில் பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று "இட் ஈஸ் கோல்ட்" என்பாள். "இட் ஈஸ்" என்பேன். சாயங்காலம் அவள் கணவர் "இட் ஈஸ் வெட்" என்பார். "இட் ஈஸ்" என்பேன். இங்கிலீஷ்காரர்களோடு காலம் தள்ள இது தாராளமாகப் போதும். தெருவில் எனக்கு நல்ல மனிதன் என்று பெயர். கடையில் நானாக எதையும் கேட்பதில்லை. எதிரே போய் நிற்பேன். கடைக்காரன் "யெஸ்?" என்றால் பிறகு வார்த்தை வரும்.

கப்பல் வேலையை விட்டு இந்த ஊரில் இறங்கிக்கொண்ட புதிதில், கன்னியம்மா வருவதற்கு முன், நான் குடியிருந்த அறைக் கூரை ஒழுகியது. வாடகை வாங்க வரும்போதெல்லாம் வீட்டுக்காரர் "எவ்ரிதிங் ஆல் ரைட்?" என்று கேட்பார். "யெஸ், தாங்க் யூ" என்பேன். பின்னால் வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வாளியோடு குடித்தனம் நடத்தினேன்.

மூன்றாம் வருஷம் கன்னியம்மா வந்தாள், நான் கப்பலேறும்போது வயிற்றில் இருந்த சேகரைக் கையில் பிடித்துக்கொண்டு. வருவதற்குள் அவளைப் பாஸ்போர்ட்டுக்காக நாயாய் அலைய விட்டார்கள். இந்தத் தாள் இல்லை, அந்த முத்திரை இல்லை, அடுத்த மாதம் வா. கடைசியில் ஒரு குமாஸ்தா, இங்கிலீஷ் தெரியாமல் அங்கே போய் என்ன செய்வாய் என்று கேட்டாராம். இவள் அவரையே நேராகப் பார்த்து, "ஆர் யூ எ டாக்டர்?" என்றாளாம். அவர் இல்லை என்று சொல்வதற்குள், "நோ, யூ ஆர் நாட்" என்று அதையும் இவளே சொல்லிவிட்டாளாம். முத்திரை விழுந்தது.

கரையில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் அடியையும் கேட்டார்கள், பின்பாட்டையும் கேட்டார்கள். அதனால் அவர்களிடம் முழு இங்கிலீஷ் இருந்தது. கன்னியம்மா வந்த மாதமே எங்கள் கூரை ஒழுகல் நின்றது. பள்ளிக்கூடத்து டீச்சர், பிள்ளையிடம் வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள், அப்போதுதான் படிப்பு ஏறும் என்று சொன்னாள். சரி என்று கன்னியம்மா அதையும் செய்தாள். பிள்ளையிடம் இங்கிலீஷ், என்னிடம் காசிமேடு. நாங்கள் இரண்டு பேரும் வேகமாகப் பேசிக்கொண்டால் சேகர் ரேடியோவில் வேற்றூர் ஸ்டேஷன் கேட்பவன்போல உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் டீச்சரிடம் போய்ச் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லையே.

6

ஏகாம்பரத்துக்கு வருவோம்.

அவனைக் கயிற்றில் நிறுத்திப் பின்பாட்டுச் சொல்ல வைத்தால் சரியாகிவிடும் என்று குப்பத்தில் முடிவு செய்தார்கள். அவன் கயிற்றைப் பிடித்தான். அடி எடுக்க என்னை நிறுத்தினார்கள். நான் இரண்டு கையையும் தூக்கி "ஐ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"டேய் தேசிங்கு, கூப்புட்றியா, கெஞ்சுறியா?" என்று கயிற்றிலிருந்து ஒருவன் கேட்டான்.

சிரிப்பில் ஒரு பக்கம் கயிறு தளர்ந்தது. வலை கோணிக்கொண்டது. அன்றைக்கு வந்த மீன் குழம்புக்கும் காணாது. வலைக்குச் சொந்தக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் ஏகாம்பரமே நடுவில் நின்றான்.

பிறகு கன்னியம்மாதான் அவனைப் பழக்கினாள். அடுப்பின் முன்னால் உட்கார வைத்து, இவள் கேள்வி கேட்பாள். அவன் "ஐ…" என்று நிறுத்தினால் கரண்டியால் முழங்காலில் ஒன்று போடுவாள். "யாருக்குண்ணா காத்துக்கினு கீறே? இங்க யாரும் கெடையாது. மீதிய நீயே சொல்லு!" நாள் போகப் போக மீதி வந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நன்றாகவே. மிஸ்ஸியம்மாவும் கேட்டுப் பார்த்துவிட்டுச் சபாஷ் என்றாள்.

இரண்டாம் தடவை ஆபீஸுக்கு நான் மட்டும் துணைக்குப் போனேன். உள்ளே போகாமல் எதிர்ப்புறம் ஹார்பர் மதில் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். ஏகாம்பரம் சீக்கிரமே வந்துவிட்டான். கையில் சீட்டு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னா மச்சான், பாஸா?"

"பாஸு."

"அப்பால இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி கீது?"

சீட்டை நாலாக மடித்தான்.

"அவன் கேக்குறான், நான் சொல்றேன். கேக்குறான், சொல்றேன். நடுவுல ஒரு வாட்டி நான் கேட்டேன், 'ஆர் யூ தி கேப்டன்?'னு. சிரிச்சிட்டு அடுத்த கேள்விக்குப் பூட்டான். கப்பல்லயும் இப்டித்தானே?"

"வேற எப்டி இருக்கும்? அவன் தொர."

"அப்ப ஆயுசு பூரா பின்பாட்டுதான்."

"சம்பளம் குடுக்குறான்ல, மச்சான். உன் வூட்ட ரெண்டு வாட்டி கடல் துன்னுச்சு. மூணாவது வாட்டியும் துன்னும்."

"துன்னட்டும். வேற எடத்துல போட்டுக்கினு போறேன்." சீட்டை என் சட்டைப் பையில் செருகினான். "இத நீயே தொரகிட்ட திருப்பிக் குட்த்துடு. எனுக்கு வாணாம். நீ போ, மாமே. நீ பின்பாட்டுக்காரன். உனுக்கு ஒத்துக்கும்."

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். எனக்குக் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வடக்கே நடந்தான். அன்றைய வலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. கன்னியம்மா இரண்டு நாள் அவனைத் திட்டித் தீர்த்தாள். நான் கப்பலேறினேன்.

7

இதையெல்லாம் சேகர் 'அப்புறம்?' என்று கேட்கக் கேட்க இங்கிலீஷில் சொன்னேன், ஹார்பர் மதில் பக்கத்துக் கல் வரைக்கும். மாமா பாஸானார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். வராந்தாவில் நாங்கள் கத்திய இடத்தில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கேட்டான்: பாஸாகிவிட்டாரே, மாமா ஏன் வரவில்லை?

ஏகாம்பரம் சொன்னதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் பையன் அடுத்து என்னைப் பார்த்து என்ன கேட்பான் என்பதும் தெரிந்திருந்தது. ஐஸ் கிடங்கு மேஸ்திரிக்குச் சொன்ன பதிலைப் போலவே இதுவும் வேகமாக வந்துவிட்டது.

"மாமாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை" என்றேன்.

பாவம் மாமா என்றான் சேகர். நம்பிவிட்டான். மீன் பிடிக்கிறவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காசிமேட்டில் பால்குடிக்கிற பிள்ளைகூட நம்பாது.

அடுப்பங்கரையிலிருந்து கன்னியம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏய்யா, எங்கண்ணனுக்கா கடலு ஒத்துக்கல? புள்ளகிட்ட இன்னாய்யா சொல்லிக்கினு கீறே நீ?"

சேகர் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டான்.

சோறு ஆகிவிட்டதாம், கை கழுவிக்கொண்டு வரச் சொல்கிறாள் என்றேன். அவன் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தான்.